கோடு டீச்சரும் அந்தரத்தில் நின்ற கடவுளும்

என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் கோடு டீச்சர் என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இதுதான் பொருத்தம் என்று எந்த நீதிமன்றத்திலும் வந்து சாட்சி சொல்வேன். பத்தாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறாள். பாடம் எதுவாக இருந்தாலும் அவள் கையில் அது கோடிட்ட இடமாகத்தான் வெளியே வரும். போர், புரட்சி, பஞ்சம், பருத்தி ஆலை, எதுவானாலும் வாக்கியத்தில் உயிரான சொல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு இழுப்பாள். பிடுங்கிய சொற்களையெல்லாம் தாளின் தலையில் ஒரு கட்டத்துக்குள் அடைப்பாள். அதற்குச் சொற்பெட்டி என்று பெயர். பிள்ளைகள் பெட்டியிலிருந்து எடுத்துக் கோட்டில் வைக்க வேண்டும். பெட்டிக்கு வெளியே இருந்து ஒரு சொல் வந்தால் தப்பு. தங்கமான சொல்லாக இருந்தாலும் தப்புதான்.

பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. அவளை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வங்கியில், வரிசையில் நிற்கும்போது. திரும்பி என்னிடம், "இப்போ கூப்பிட்ட டோக்கன் நாப்பத்திரெண்டு. அப்படின்னா அடுத்து வரப்போறது..." என்று நிறுத்தினாள். நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "நாப்பத்திமூணு," என்றேன். "சரி," என்றாள். அந்தச் 'சரி'யில் விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நிரப்பிக்கொண்டிருக்கிறேன். "ஏங்க, கேஸ் தீர்ந்துபோச்சு, அதனால நீங்க..." என்பாள். "போன் பண்றேன்," என்பேன். "மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில இருக்கற துணிய..." "எடுக்கறேன்." உடனே ஒரு 'சரி' விழும். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பகலெல்லாம் மாட்டிக்கொண்ட மனிதர்களை வெளியே எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் மாட்டிக்கொள்வேன்.

அவள் எடுக்கும் பாடங்களில் அவளுக்கு உயிர் என்றால் அது பண்டைய கிரேக்க நாடக அரங்கம்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பிறந்ததிலிருந்து ஒரு நாடகம் பார்த்தவள் இல்லை. சினிமாவுக்குக் கூப்பிட்டாலே, இருட்டில் தாள் திருத்த முடியாது என்று வரமாட்டாள். ஆனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் கட்டுக் கட்டாகப் பயிற்சித் தாள் வைத்திருந்தாள். 'பார்வையாளர்கள் ______ அமைந்த கல் இருக்கைகளில் அமர்ந்தனர்.' மலைச்சரிவில். 'நடிகர்கள் முகத்தில் ______ அணிந்தனர்.' முகமூடி. 'நடப்பதைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் குழுவுக்கு ______ என்று பெயர்.' கோரஸ். 'முடிவில் கடவுள் ______ மூலம் மேலிருந்து இறக்கப்பட்டார்.' பாரந்தூக்கி. அந்தப் பள்ளியில் படித்த யாரையாவது நடுத்தெருவில் நிறுத்திக் 'கடவுள்' என்று சொல்லிப் பாருங்கள், 'பாரந்தூக்கி' என்பார். எங்களுக்குப் பால் போடுகிறவர் அவளிடம் படித்தவர், அவரும் அப்படித்தான். ஒரு பிள்ளை ஒருமுறை எழுந்து, "அந்த நாடகமெல்லாம் பார்க்க நல்லா இருக்குமா டீச்சர்?" என்று கேட்டதாம். "அது பரீட்சைல வராது, உட்காரு," என்றாளாம். இதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொன்னாள்.

இந்த வருடம் எங்கள் ஒரே மகள் அவள் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். பதினைந்து வயதாகியும் வீட்டில் பாப்பாதான். தாயைப் போலப் பிள்ளை என்பது பிடிவாதத்தில் மட்டும் பலித்திருந்தது. இரண்டு பேரும் ஒரே வகுப்பறையில் என்றதும் எனக்கு உள்ளுக்குள் உதறல். ஆனாலும் பாதி வருடம் நல்லபடியாகவே போனது. பிறகு கிரேக்க அரங்கம் வந்தது.

பாடத்தில் மாதிரிக்கென்று ஒரு கதை இருந்தது. புத்தகம் எழுதியவர்களே கட்டிய கதை போலிருக்கிறது. ஒரு ராசா பக்கத்து நகரத்தின் மேல் படையெடுக்கிறான். அந்த நகரத்தை ஆள்கிறவன் சின்ன வயதில் காணாமற்போன தன் சொந்த அண்ணன் என்று அவனுக்குத் தெரியாது. ராசாவின் அம்மாவுக்குத் தெரியும். சொன்னால் பழைய கதையெல்லாம் வெளியே வந்து தன் மானம் போகும் என்று வாயைத் திறக்கவில்லை. ராசா அண்ணனைக் கொல்கிறான், தானும் அழிகிறான். கதைக்குக் கீழே என் மனைவியின் பயிற்சி: 'அரசன் தனது ______ காரணமாக அழிந்தான்.' பெட்டியில் செருக்கு என்று இருந்தது. வகுப்பே செருக்கு என்று எழுதியது. எங்கள் பாப்பா மட்டும் கதையைப் படித்துத் தொலைத்துவிட்டாள். அவள் எழுதியது, அம்மா. 'அரசன் தனது அம்மா காரணமாக அழிந்தான்.'

அந்தத் தாளை ஆசிரியர் அறையில் வைத்துத் திருத்தும்போது பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்ததோடு விட்டாரா? "என்ன டீச்சர், வீட்டு விஷயமெல்லாம் எழுதறா உங்க பொண்ணு," என்று சிரித்து, அறையே சிரித்திருக்கிறது. என் மனைவி அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் தப்புப் போட்டிருந்தால் பரவாயில்லை. தாள் முழுவதற்கும் சைபர் போட்டுவிட்டாள். மறுநாள் வகுப்பில் பாப்பா எழுந்து நின்று, "நீங்க அந்தக் கதையப் படிச்சீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். "உட்காரு," என்றாள் இவள். பாப்பா உட்கார்ந்தாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

மௌனம் கலக நாஸ்தி என்பார்கள். எவன் சொன்னான்? எங்கள் வீட்டில் மௌனம்தான் கலகமே. பேசாமல் இருந்தால் குடும்பம் எப்படி நடக்கும் என்று என் மனைவி யோசித்திருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. 'காலை உணவுக்கு எனக்கு ______ வேண்டும். (முட்டை / ரொட்டி)'. கீழே பெயர், வகுப்பு, பிரிவு. பாப்பா அதை நிரப்பினாள்: 'நிம்மதி'. சாயங்காலம் அது சிவப்பு மையில் தப்புப் போட்டுத் திரும்பி வந்தது. மறுநாள், 'நான் என் அறையைச் சுத்தம் ______. (செய்தேன் / செய்யவில்லை)'. பாப்பாவின் விடை: 'என் அறைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள் டீச்சர்'. ஆமாம், வீட்டிலும் இப்போது டீச்சர்தான். அம்மா என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. இதில் என் பாடு என்ன தெரியுமா? ஒவ்வொரு தாளின் அடியிலும் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஓர் இடம். நான் போட வேண்டும். "நீயும் பெத்தவதானே, நீயே போடேன்," என்றால், "திருத்தறவங்க கையெழுத்துப் போடக்கூடாது," என்கிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் முட்டைக்கும் ரொட்டிக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், வேறொரு ஊரில் இருக்கும் என் அக்கா போன் செய்கிற வரைக்கும். பாப்பா அவளிடம் பேசியிருக்கிறாள். அடுத்த வருடம் அத்தை வீட்டில் தங்கி அங்கேயே படிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கரும்பு தின்னக் கூலியா கேட்பாள். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடத்தில் சீட்டே வாங்கிவிட்டாள். போனால் போன பிள்ளைதான், பிறகு லீவுக்கு வந்து போகும் விருந்தாளி. என் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் ஃப்ரிட்ஜில்: 'அத்தை வீட்டுக்குப் போவது ______. (நல்லது / மிக நல்லது)'. பாப்பா 'மிக மிக நல்லது' என்று எழுதினாள். பெட்டியில் இல்லாத விடை என்று தப்பு விழுந்தது. அன்றைக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடவில்லை.

இந்த நிலையில்தான் தலைமையாசிரியருக்கு ஒரு யோசனை உதித்தது. பெற்றோர் கூட்டத்தன்று பத்தாம் வகுப்பு ஒரு கிரேக்க நாடகம் போட வேண்டும், அந்த ராசா கதையையே போட வேண்டும். என் மனைவி ஆடிப்போனாள். நாடகத்தைப் பற்றி எல்லாம் தெரியும், நாடகம் தெரியாது. கடைசியில் தனக்குத் தெரிந்த வழியிலேயே இறங்கினாள். வசனம் முழுக்கக் கோடு. கோரஸ் பாதி வாக்கியம் சொல்லி நிறுத்தும், கீழே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் மீதியை நிரப்ப வேண்டும். ஆளுக்கொரு சொற்பெட்டி அச்சடித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. கடவுள் வேடத்துக்கு எடை குறைந்த பிள்ளை வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் எடை பார்த்தார். வகுப்பிலேயே லேசானவள் எங்கள் பாப்பா.

"ஏங்க, கடவுள் மேலருந்து எறங்கணும், அதுக்கு நீங்க ஒரு..." என்றாள் என் மனைவி.

"பாரந்தூக்கி," என்றேன். பால்காரரைச் சொன்னேனே, நான் மட்டும் யோக்கியமா?

ஹாலின் உத்தரத்தில் கப்பி கட்டி, கைச்சக்கரம் வைத்து, பழைய லிஃப்ட் ஒன்றின் பிரேக்கை மாட்டினேன். வேலையில் நாங்கள் போடும் இடுப்புப் பட்டை, இரட்டைக் கயிறு. மணல் மூட்டையை ஏற்றி இறக்கினேன், பிறகு நானே தொங்கிப் பார்த்தேன். கல்லுக்குண்டு மாதிரி நின்றது. அப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் தொழிலில் ஒன்று கவனித்திருக்கிறேன். ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் இருப்பார்கள். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கும்போது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், நான் போய்க் கதவைத் திறக்கும்போது ஒருவர் பிள்ளையின் படிப்பைப் பற்றி மற்றவர் விசாரித்துக்கொண்டிருப்பார். நகர முடியாது என்று தெரிந்தால்தான் மனிதருக்கு வாய் திறக்கிறது. இறங்கும் பாதையில் ஓர் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கயிற்றில் அடையாளம் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று ஹால் நிரம்பி வழிந்தது. நான் மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடகம் ஆரம்பித்தது. "நகரத்தாரே, நம் அரசன் கையில் எடுத்தது..." என்று கோரஸ் நிறுத்தியது. பெற்றோர் பெட்டியைப் பார்த்து, "வாள்," என்றார்கள். "சரி," என்றாள் மேடைக்குக் கீழே நின்ற என் மனைவி, பழக்கதோஷத்தில். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பெட்டியில் ஒன்றைத்தான் அவரால் படிக்க முடிந்தது போலிருக்கிறது. எல்லாக் கோட்டுக்கும் கணீரென்று, "பாரந்தூக்கி," என்றார். அரசன் அண்ணன்மேல் எறிந்தது பாரந்தூக்கி. அரண்மனையில் எரிந்தது பாரந்தூக்கி. கடைசியில் கோரஸ், "இதோ கடவுள் வருவது..." என்றபோது அது சரியாகிவிட்டது. ஹாலே அவருக்குக் கைதட்டியது. அவர் எழுந்து வணக்கம் வேறு சொன்னார்.

சக்கரத்தைச் சுற்றினேன். மேலிருந்து பாப்பா இறங்கினாள். காகிதக் கூழில் செய்த முகமூடி, வெள்ளைப் போர்வை. சுண்ணாம்பு அடையாளம் கைக்கு வந்ததும் பிரேக்கைப் போட்டேன். கடவுள் அந்தரத்தில் நின்றார்.

"மாட்டிக்கிச்சு," என்று திரைக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னேன். "பயப்பட ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் ஆகும்."

தலைமையாசிரியர் வெலவெலத்துப்போய், "வசனத்தையாவது சொல்லச் சொல்லுங்க," என்றார். கடவுளுக்கு ஒரே ஒரு வசனம்தான். அழிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பாப்பா வாயைத் திறக்கவில்லை. என் மனைவி கீழிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்: "நகரத்தாரே, இதுக்கெல்லாம் காரணம்..."

"நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றது முகமூடி.

"செருக்கு," என்றார்கள் பெற்றோர், பெட்டியைப் பார்த்து.

"உங்களக் கேக்கல. டீச்சரக் கேட்டேன்."

இதுவும் நாடகத்தில் உண்டு என்று பெற்றோர் நினைத்துக்கொண்டார்கள். என் மனைவி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். வழக்கமாக இவ்வளவு நேரம் நின்றால் நான் நிரப்பிவிடுவேன். சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

"அவன் அம்மா," என்றாள்.

"சத்தமா டீச்சர்."

"அவன் அம்மாதான். அவளுக்குத் தெரியும், சொல்லல." இந்த முறை அவள் நிறுத்தவில்லை. "நீ எழுதினது சரின்னு திருத்தும்போதே எனக்குத் தெரியும். பெட்டியில இல்லன்னு தப்புப் போட்டேன். கணக்கு டீச்சர் சிரிச்சாங்கன்னு சைபர் போட்டேன். தெரிஞ்சும் இத்தனை நாள் சும்மா இருந்தேன்."

கோரஸ் கலைந்தது. முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு பிள்ளை, "அப்போ செருக்குன்னு எழுதின எங்களுக்கு மார்க் போயிடுமா டீச்சர்?" என்று கேட்டது. வகுப்பு முழுவதும் அதே கவலையில் சலசலத்தது. தலைமையாசிரியர் என் மனைவியின் காதருகே போய், "மார்க்கெல்லாம் மேல அனுப்பியாச்சு டீச்சர், இப்போ போய் அம்மா கிம்மான்னு கெளப்பாதீங்க," என்றார். கணக்கு டீச்சர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"மார்க் கெடக்கட்டும்," என்றாள் பாப்பா மேலிருந்து. அது கடவுள் குரல் இல்லை, எங்கள் வீட்டுக் குரல். "எனக்கு அத்தை சீட் வாங்கிட்டாங்க. நான் போகத்தான் போறேன்."

"நீ போனா எனக்கு..." என்று ஆரம்பித்து என் மனைவி நின்றுவிட்டாள்.

அவ்வளவுதான். அவள் பழக்கிய கூட்டமாயிற்றே. "கஷ்டம்," என்றது ஒரு மூலை. "நிம்மதி," என்றது இன்னொரு மூலை. "வேலை மிச்சம்," என்றார் யாரோ ஓர் அப்பா. "பாரந்தூக்கி," என்றார் முன்வரிசைப் பெரியவர். எனக்கே நாக்கு நுனி வரைக்கும் ஒரு சொல் வந்துவிட்டது.

"யாரும் நெரப்பாதீங்க," என்றாள் என் மனைவி. திரும்பி என்னையும் பார்த்தாள். "நீங்களும்தான்."

பிறகு மறுபடி அண்ணாந்து பார்த்தாள். நான் பார்க்க அவள் அழுதது இல்லை. அன்றைக்கு அழுதாள், மூக்கு சிவந்து, அத்தனை பெற்றோர் முன்னாலும்.

"போகாத," என்றாள்.

கோரஸ் காத்திருந்தது. ஹால் காத்திருந்தது. அதற்கு மேல் ஒரு சொல்லும் அவளிடமிருந்து வரவில்லை. "டீச்சர், இதுல கோடு எங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

"கோடு இல்ல," என்றாள்.

நான் பிரேக்கை விட்டேன். பாப்பா மெல்ல இறங்கினாள். கடவுளின் காகிதத் தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாக மேடையில் விழுந்துகொண்டிருந்தது. கால் தரையில் பட்டதும் முகமூடிக்குள்ளிருந்து, "போகலம்மா," என்றாள்.

பெற்றோர் கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் மனைவி மேடைமேல் ஏறி அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். இடுப்புப் பட்டையும் கயிறும் நடுவில் இடித்தன. கொக்கியைப் பிடித்து இழுத்தாள், முறுக்கினாள், அது வருவதாக இல்லை.

"ஏங்க, இந்தக் கொக்கியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க," என்றாள்.

நான் போய்க் கழற்றிக் கொடுத்தேன்.